நடுவில் விட்ட இடம்

"நான் வாரேன். போட்டோவுக்கு உக்காருறேன். ஆனா அவன் பக்கத்துல உக்கார மாட்டேன். எங்களத் தனியா எடுத்து, அவனத் தனியா எடுத்து, கம்பியூட்டர்ல ஒட்டிக்கச் சொல்லு."

சிவஞானம் இதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலையில், லயத்தில், வரிசைவீட்டுக் காம்பராவில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்பதால் அவருக்கு எதையும் தீர்ப்பாகச் சொல்லித்தான் பழக்கம். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டுக்கொண்டு, இனி இதில் பேச ஒன்றுமில்லை என்று மென்றார்.

மகள் துஷாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒட்டிக்கிறதா? நான் என்ன முத்திரையாப்பா கேட்டேன் ஒட்டுறதுக்கு? நாலு பேரும் ஒண்ணா இருக்கிற ஒரே ஒரு படம் கேட்டேன். இந்த வெயாழக்கெழம நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேன். தெரியும்ல ஒங்களுக்கு?"

"போன்லதான் ஆயிரம் படம் கெடக்கே."

"அங்க போன உடனே போனப் புடுங்கி வச்சிக்குவாங்களாம். கொஸ்லந்தப் பக்கத்து அக்கா ஒண்ணு போயிட்டு வந்து சொன்னிச்சு. காயிதத்துல இருக்கிற படத்தத்தான் புடுங்க மாட்டாங்களாம். தலகாணிக்கு அடியில வச்சிக்கலாமாம்."

"அதான் வாரேன்னு சொல்லிட்டனே. இன்னும் என்னா?"

மனைவி ராசம்மா அடுப்படியில் இருந்தபடி, "பேசாம இரு புள்ள" என்றாள். யாருக்குச் சண்டை வந்தாலும் அவள் மகளிடம் சொல்வது இதைத்தான். வேறு யாரிடமும் அவளால் சொல்ல முடியாது.

சிவஞானம் 'அவன்' என்றது மகனை. ஐப்பசியில் நடந்த விஷயம் அது. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று சொல்வார்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மலையில் நின்றவள் பாதி நாள்தான் நின்றாள் என்று எழுதுவது எந்த ஊர் நியாயமோ தெரியாது, ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் அதுதான் நியாயம். வெள்ளைக்காரத் துரை போய்க் கறுத்த துரை வந்தும் அந்த நியாயத்துக்கு ஒரு சளி காய்ச்சல்கூட வந்ததில்லை.

மகன் விஜேந்திரன் அந்த வருடம்தான் கணக்கப்பிள்ளை ஆகியிருந்தான். பெண்கள் எடுத்த கொழுந்தை நிறுத்துப் பேர் போடுகிற வேலை. அப்பாவும் அம்மாவும் மலையில் காய்ந்து படிக்கவைத்த பிள்ளை, சப்பாத்து போட்டுக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றான். அன்றைக்கு நல்ல மழை. தோட்டத்தை நடத்துகிற துரை ஜீப்பை நிறுத்திவிட்டு, குடையோடு மடுவத்துக்குள் வந்து நின்றுகொண்டார். ராசம்மாவின் கொழுந்து குறைந்தது. அவளுடையது மட்டுமல்ல, அந்த நிரையில் நின்ற முக்கால்வாசிப் பெண்களுக்கும் குறைந்தது. விஜேந்திரன் எல்லாருக்கும் கூப்பிட்ட மாதிரியே, "ராசம்மா, அரைப்பேரு" என்று சத்தமாகக் கூப்பிட்டான். அம்மா என்றுகூட அல்ல, ராசம்மா என்று. யாரோ ஒருத்தி சிரித்தாள்.

இரவு லயமே கேட்கச் சிவஞானம் கத்தினார். பெற்றவளுக்கு அரைப்பேர் போட்ட கை விளங்காமல் போகும் என்றார். மகன் துணிமணியை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பக்கம் இருக்கிற ஊழியர் அறைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேச்சில்லை. ராசம்மா மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிடுவாள். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. அரைப்பேர் விழுந்தது அவளுக்கு. கோபம் மட்டும் ஆம்பிளைகள் இருவருக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்று பகல் ஹாலிஎலயில் பதுளை பஸ் ஏறும்போதே தூறல். மகள் நீலச் சேலை, அம்மா மாம்பழ நிறச் சேலை. கோயில் திருவிழாவுக்கு எடுத்த சேலை அது. ரவிக்கை இறுகி, கையைத் தூக்க முடியாமல் இருந்தது அவளுக்கு. சிவஞானம் சங்கக் கூட்டத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மகன் வேறு பஸ்ஸில் வருவான். ஒரே பஸ்ஸில் வந்தால் ஆகாதாம். பதுளைக்குப் போகிற பாதை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். பஸ் மட்டும் இரண்டு வேண்டியிருந்தது.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது ஸ்டூடியோ. ஒடுக்கமான படி. கூரை பாதிப் படிக்குத்தான் இருந்தது. மீதிப் படியில் மழை நேரே விழும். விஜேந்திரன் முன்னமே வந்து படியில் நின்றான். அம்மாவைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றான். ராசம்மா தலையாட்டினாள். சிவஞானம் சுவரைப் பார்த்துக்கொண்டு அவனைக் கடந்து ஏறினார். அத்தனை ஒடுக்கமான படியில் ஒருவர் மேல் ஒருவர் படாமல் ஏறுவது லேசில்லை. அவர் ஏறிக்காட்டினார்.

ஷிபான் ஸ்டூடியோக்காரன். முப்பது முப்பத்தைந்து வயது. மரியாதையான ஆள்.

"வாங்க ஐயா, வாங்கம்மா. பெமிலி போட்டோவா? எத்தின பேரு?"

"நாலு பேரு. ஆனா மூணு பேரத்தான் இப்ப எடுக்கணும்" என்றார் சிவஞானம். "நடுவுல ஒரு ஆளுக்கு எடம் விட்டு எடுங்க. பொறகு ஒருத்தன் படத்த அதுல வைக்கணும். செய்யலாம்ல?"

"செய்யேலும் ஐயா. அது பெரிய வேல இல்ல."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. நடுவில் இடம் விடச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது என்பது அவனுக்குத் தொழிலில் படிந்த பழக்கம். முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, குரலையும் தணித்துக்கொண்டு, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

பின்னால் பெரிய படச்சீலை தொங்கியது. அதில் பனி மூடிய ஏதோ வெளிநாட்டு மலை. மலையிலிருந்து இறங்கி வந்தவர்களை மலைக்கு முன்னாலேயே உட்கார வைக்கிறது ஒரு வேடிக்கைதான். ஆனால் அந்த மலையில் தேயிலை இல்லை. அட்டை இல்லை. தராசும் இல்லை.

ஸ்டூலுக்கு வலப்பக்கம் சிவஞானம், இடப்பக்கம் ராசம்மா, பின்னால் துஷாந்தினி.

"இந்த ஸ்டூல்ல ஆள் இரிக்கிற மாதிரி நெனச்சிக்கொங்க. ஐயா, தோள இங்கிட்டுத் திருப்புங்க. ஒட்டிப் பார்த்தா நெருக்கமாத் தெரியணுமே."

"இதுக்கு மேல திரும்ப மாட்டேன்."

"சரி ஐயா. அம்மா, இங்க பாருங்க. ஸ்டூலப் பாக்காதீங்க."

ராசம்மா நிமிர்ந்தாள். அடுத்த நிமிடம் அவள் கண் மறுபடியும் ஸ்டூலுக்குப் போய்விட்டது. வெளிச்சப் பெட்டிகள் பளிச்சென்று அடித்தன. ஷிபான் எடுத்தான், பார்த்தான், மறுபடியும் எடுத்தான். சிவஞானம் மே தின மேடையில் இருப்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். ராசம்மா யாரோ மிரட்டி உட்கார வைத்தவள்போல் இருந்தாள். மகளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆத்திரத் தண்ணீர்.

"தங்கச்சி, கொஞ்சம் சிரிங்களேன்."

"எதுக்கு சிரிக்கணும்? அண்ணே கீழ படியில நனைஞ்சிக்கிட்டு நிக்கிது. இங்க ஒரு ஸ்டூலப் பாத்து நான் சிரிக்கணுமா?"

"புள்ள, பேசாம இரு."

"நீங்கதான் பேசாம இருக்கீங்களே, அது பத்தாதா?"

சிவஞானம் திரும்பி மகளை முறைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

வெளிச்சப் பெட்டி இரண்டும் அணைந்தன. மழை இப்போது கூரைத் தகரத்தில் கொட்டியது. ஷிபான் தலையில் கைவைத்துக்கொண்டு, "இனி எப்ப வருமோ தெரியா. கெமராவுக்கு பட்டரி இரிக்கி, வெளிச்சந்தான் இல்ல" என்றான். பிறகு தெருப்பக்கம் இருந்த இரண்டு பெரிய ஜன்னல்களின் கறுப்புச் சீலையை இழுத்துத் தள்ளினான். எந்தக் காலத்தில் கடைசியாகத் திறந்தானோ, தூசு பறந்தது. மழைக்கால வெளிச்சம் அறைக்குள் வந்தது. மெதுவான, சாம்பல் வெளிச்சம். அதில் பனிமலை வெறும் சீலையாகத் தெரிந்தது. மனிதர்களின் முகம் மட்டும் முகமாகத் தெரிந்தது.

படியில் நின்ற விஜேந்திரனால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சட்டை சொட்டச்சொட்ட வாசலுக்குள் வந்து நின்றான்.

"வெளிய நிக்கச் சொல்லுங்க அவன" என்றார் சிவஞானம், ஷிபானைப் பார்த்து.

"மழ ஐயா."

"மழன்னா? மலையில பொம்பளைங்க நிக்கலியா மழையில?"

"நான் வெளியவே நிக்கிறேன் அண்ணே, பரவால்ல" என்று விஜேந்திரன் ஷிபானிடம் சொன்னான். ஆனால் போகவில்லை. அவனுக்கும் அப்பனின் பிடிவாதம் இருந்தது.

அவனை இடித்துக்கொண்டு ஒரு பெண் படியேறி உள்ளே வந்தாள். கையில் குழந்தை, தோளில் பை, நனைந்த குடை. ஷிபான், "வாங்க காமிலா ராத்தா" என்றான்.

"யா அல்லாஹ், என்னா மழ தம்பி இது. புள்ளக்கி பாஸ்போட் போட்டோ ஒண்டு எடுக்கணும். மகள் கட்டாருக்குக் கூட்டிக்கிட்டுப் போகப்போறா."

"கரண்ட் இல்ல ராத்தா. இவங்கட முடியட்டும், இரிங்க."

காமிலா பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தை அழத் தொடங்கியது. அவள் அதைத் தொடையில் போட்டு ஆட்டிக்கொண்டே, எதிரே இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். நடுவில் இருந்த வெறும் ஸ்டூலையும் பார்த்தாள். அவள் முகம் இளகியது. ராசம்மா பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"எங்கட வாப்பா மௌத்தான நேரமும் இப்பிடித்தாம்மா எடம் உட்டு எடுத்து, பொறகு அவருட படத்தக் கொணந்து நடுவுல வெச்சோம். ஒங்கட ஆருக்கும்மா எடம்?"

"மகனுக்கு" என்றாள் ராசம்மா.

"அல்லாஹ்வே! வாலிபப் புள்ளயா? எப்பம்மா மௌத்தானது? நோய் வருத்தமா?"

வாசலிலிருந்து விஜேந்திரன் சொன்னான்:

"அது நான்தாங்க."

காமிலா திரும்பிப் பார்த்தாள். சொட்டச்சொட்ட நிற்கிற பையன். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைப் பொத்தினாள். ஷிபான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்களையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான். அவனும் இவ்வளவு நேரம், வாசலில் நிற்கிறவன் இன்னொரு மகன், ஸ்டூல் செத்துப்போன ஒருவனுக்கு என்று நினைத்துத்தான் குரலைத் தணித்துக்கொண்டிருந்தான்.

சிவஞானம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு சின்னப் பிரச்சின. குடும்பத்துக்குள்ள..."

"வாய மூடுங்க."

சொன்னது ராசம்மா. முதலில் சிவஞானத்துக்கு அது யார் குரல் என்றே புரியவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் கேட்காத குரல் அது. அவள் எழுந்து நின்றாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், மகனின் ஈரக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வளர்ந்த ஆம்பிளையைத் தோளில் அழுத்தி ஸ்டூலில் உட்கார வைத்தாள். பனிமலைச் சீலைக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணி முழுக்கச் சேறு.

"உயிரோட இருக்கிற புள்ளைக்கு வெறும் ஸ்டூலு போட்டு வச்சிருக்கீங்க. முன்னப்பின்ன தெரியாத அம்மா வந்து எப்ப செத்தான்னு கேக்குது. நான் என்னான்னு சொல்ல? சொல்லுங்க. தலைவருதான நீங்க, பேசுறதுக்குத்தான ஊருல ஒங்கள வச்சிருக்காங்க, இப்பப் பேசுங்க!"

"ராசம்மா, இவன் ஒனக்கு அரைப்பேரு..."

"எனக்குத்தான போட்டான்? ஒங்களுக்கா போட்டான்? அன்னைக்கி மழையில நின்னது நானு. விரல் வெடிச்சி ரத்தம் வந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து தலையக்கூடத் தொவட்டல, அதுக்குள்ள நீங்க கத்த ஆரம்பிச்சிட்டீங்க. எதுக்குக் கத்துனீங்க? எனக்காகவா? தலைவரு பொஞ்சாதிக்கு அரைப்பேருன்னு மடுவத்துல ஒருத்தி சிரிச்சாள்ல, அதுக்குக் கத்துனீங்க. ஒங்க மொகத்துக்குக் கத்துனீங்க. சாப்டியா, குளுருதான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சிவஞானத்தின் நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. விஜேந்திரன், "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. தொரை பக்கத்துல நின்னாரு. ஒங்களுக்கு மட்டும் முழுப்பேரு போட்டிருந்தா..." என்று தொடங்கினான்.

அவள் அப்படியே அவன் பக்கம் திரும்பினாள். ரவிக்கைக் கை இறுகியிருந்ததையும் பாராமல் கையை உயர்த்தி விரலை நீட்டினாள். தோளில் தையல் விட்ட சத்தம் கேட்டது.

"நீ பேசாத. எனக்கு மட்டும் முழுப்பேரு போடச் சொன்னேனா? கேட்டேனா ஒன்கிட்ட? அன்னைக்கி அந்த மலையில கொழுந்து இருந்திச்சாடா? சொல்லு. நீ பாத்தீல்ல? செடியக் கவ்வாத்து வெட்டிக் கொஞ்ச நாள்தான ஆச்சி, தழைச்சிருந்திச்சா? அத்தன பொம்பளைங்களுக்கும் கொறஞ்சிச்சே, அத்தன பேரும் சோம்பேறியா? தொரை பக்கத்துல நின்னாருல்ல, அவருகிட்ட திரும்பி, ஐயா மலையில கொழுந்து இல்லன்னு ஒரு வார்த்த சொன்னியா? படிச்சவன்தான நீ? அதுக்குத்தான ஒன்னைப் படிக்க வச்சேன்! சத்தமா அரைப்பேருன்னு கத்தத் தெரிஞ்சிச்சி. இது சொல்லத் தெரியல."

விஜேந்திரன் தலை குனிந்துகொண்டான்.

"நீங்க?" மறுபடியும் புருஷன் பக்கம். "சங்கம், சங்கம்னு பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஓடுறீங்களே. மறுநாள் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல, எல்லாரும் நிக்கிற எடத்துல தொரைகிட்டப் போய்க் கேட்டீங்களா? கொழுந்து இல்லாத மலைக்கி எப்பிடி இத்தன கிலோ வச்சீங்கன்னு கேட்டீங்களா? கேக்கல. லயத்துல நின்னு பெத்த புள்ளையப் பாத்துக் கத்துனீங்க. தொரைகிட்டப் போகாத கோவத்த வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்டீங்க. ரெண்டு பேரும்! அவரு நிம்மதியா பங்களாவுல தேத்தண்ணி குடிக்கிறாரு. எம் மக அந்நிய நாட்டுல எவ வீட்டு கக்கூசக் கழுவப் போறா. போறதுக்கு முந்தி ஒரு படம் கேட்டா. ஒரே ஒரு படம். அதையும் வெட்டி ஒட்டிக் குடுக்கப் பாக்குறீங்க!"

கடைசி வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது. அழுதுகொண்டே நின்றாள். விரல் மட்டும் இறங்கவில்லை. துஷாந்தினி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். ஆனால் எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் லேசாகி, அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. குழந்தை எப்போது அழுகையை நிறுத்தியது என்று யாருக்கும் தெரியாது. அது வாயைத் திறந்தபடி ராசம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஷிபானின் கேமரா இரண்டு தரம் கிளிக்கென்றது. தான் எடுத்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "மன்னிச்சிக்கொங்க அம்மா" என்று கேமராவைத் தாழ்த்தினான்.

யாரும் அவனை ஏசவில்லை. சிவஞானம் பாக்கெட்டிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று பார்த்தால், எட்டி மகனின் மடியில் போட்டார். போட்ட கையை உடனே இழுத்துக்கொண்டார்.

"தலையத் தொவட்டு" என்றார், சுவரைப் பார்த்து.

விஜேந்திரன் துவட்டினான்.

"நாளைக்கிப் பெரட்டுல போய்ச் சொல்லணும், ரெண்டு பேரும்" என்றாள் ராசம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு. "சொல்லாம வீட்டுப் பக்கம் வராதீங்க."

அப்பனும் மகனும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சரி என்று இருவரும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். மகனுக்கு வேலை போகலாம், அப்பனுக்குத் தலைவர் பதவி போகலாம். அவளுக்கும் அது தெரியும்.

கரண்ட் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்திலேயே ஷிபான் இன்னொரு படம் எடுத்தான், முறையாக. நாலு பேரும் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து. ராசம்மா கிழிந்த தோளைச் சேலையால் மூடிக்கொண்டாள். பிறகு கேமராவின் பின்பக்கத்தைத் துஷாந்தினியிடம் காட்டினான்.

"இதுதான் கடேசி. நல்லா வந்திரிக்கி தங்கச்சி. எல்லாரும் நேரப் பாக்கிறாங்க. இதப் பிரிண்ட் போடவா?"

அவள் விரலால் பின்னுக்குத் தள்ளினாள். முறையான படம் போனது. அதற்கு முந்தியது வந்தது. அம்மா விரலை நீட்டி, வாயை முழுக்கத் திறந்து நிற்கிறாள். தையல் விட்ட தோள். கீழே அண்ணன் தலைகுனிந்து, அப்பா வாயடைத்து. பின்னால் அவள், அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக. மழை வெளிச்சம் அம்மாவின் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.

"இது" என்றாள்.

"தங்கச்சி, இது சண்ட புடிக்கிற நேரம் எடுத்தது."

"அதனாலதான்."

சிவஞானம் எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள இது? அங்க இருக்கிற ஆளுங்க பாத்தா என்னா நெனப்பாங்க?"

"அவங்க பாக்கிறதுக்கு இல்லப்பா, நான் பாக்கிறதுக்கு. அங்க எவளாச்சும் கைநீட்டுனா, பட்டினி போட்டா, நான் வாய மூடிக்கிட்டு நிப்பேன். எனக்குத் தெரியும், அப்பிடித்தான வளந்தேன். அன்னைக்கி இத எடுத்துப் பாத்துக்குவேன். எப்பிடிப் பேசணும்னு எனக்கு வேற எங்க தெரியும்?"

ராசம்மா கேமராவைத் தன் பக்கம் வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு அந்த முகத்தை முன்பின் பார்த்த ஞாபகம் இல்லை.

"தம்பி" என்றாள் ஷிபானிடம். "பெருசாவே போட்டுக் குடுங்க. வாயி நல்லாத் தெரியணும்."